சாக்கைக் கழித்து நூற்றெழுபது

“உம்மை மயக்கிறது சுகம். எழுப்பிறதுதான் கஷ்டம்” என்றார் டொக்டர்.

1974 பெப்ரவரி 18, திங்கட்கிழமை, முற்பகல் பத்தே முக்கால். யாழ்ப்பாணத்துப் பெரியாஸ்பத்திரியில் சத்திரசிகிச்சை நிபுணரின் அறை. திகதிகளையும் எண்களையும் நான் நினைவிலிருந்து எழுதவில்லை. அந்த வருடத்துக் கொப்பி முன்னால் விரித்துக் கிடக்கிறது. அதில் இல்லாதவை பெரும்பாலும் மற்றவர்கள் பேசிய பேச்சு. அவற்றை எழுதி வைக்காமலே எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அப்போது எனக்கு நாற்பத்தொரு வயது. கரவெட்டியில் ஓர் அரசாங்கக் கந்தோரில் எழுதுவினைஞர் வேலை. வலது தொடையிடுக்கில் ஒரு வருடமாகக் குடலிறக்கம். முதலில் பாக்களவு இருந்தது, பிறகு எலுமிச்சங்காயளவு. நின்றால் வெளியே வரும், படுத்தால் உள்ளே போகும். உருக்கு வில்லும் தோலும் வைத்துத் தைத்த ஒரு பட்டியை இடுப்பில் இறுக்கிக்கொண்டு சைக்கிளில் கந்தோருக்குப் போய்வந்தேன். இருக்கும் இடம் அப்படிப்பட்டதால் மனைவியைத் தவிர ஒருவருக்கும் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் ஆண்களுக்கு அது நெஞ்சுவலியைப் போலச் சொல்லிக்கொள்ளக்கூடிய வருத்தம் அல்ல.

டொக்டர் என்னை நிறுத்துப் பார்த்தார். நூற்றுத் தொண்ணூற்றாறு இறாத்தல். என் உயரம் ஐந்தடி நாலங்குலம்.

“உந்தக் கொழுப்புக்குள்ளை நூல் நிக்காது. தைச்ச கையோடை பிரியும். நெஞ்சிலையும் கரகரப்புக் கேக்குது. நூற்றெழுபதுக்கு இறக்கிக்கொண்டு வாரும், வெட்டிறன்.”

“எவ்வளவு நாளுக்குள்ளை ஐயா?”

“ஜூன் முடிய நான் இங்கிலாந்துக்குப் போறன். கடைசி வெட்டு ஜூன் இருபது, வியாழன். எனக்குப் பிறகு ஆர் வருவினம், எப்ப வருவினம் எண்டு எனக்குத் தெரியாது.”

“அதுக்கிடையிலை இது…”

“உள்ளை போகாமல் வெளியிலை நிண்டு முறுகிச்சுதெண்டால், நிறையைப் பாத்துக்கொண்டிருக்க ஏலாது. உடனை வெட்டத்தான் வேணும். அப்ப உம்மை எழுப்புவனோ எண்டதுக்கு என்னாலை பொறுப்புச் சொல்லேலாது.”

பதினேழு வாரம், இருபத்தாறு இறாத்தல். பருத்தித்துறை பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்து அந்தக் கணக்கைப் பலதடவை வகுத்துப் பார்த்தேன். வாரத்துக்கு ஒன்றரைக்குச் சற்று மேலே. ஒரு இறாத்தல் பேக்கரிப் பாணையும் இன்னொன்றில் பாதியையும் ஒவ்வொரு வாரமும் என் உடம்பிலிருந்து இறக்கி வைக்க வேண்டும்.

வாசிகசாலையில் உடம்பு மெலிவதைப் பற்றிய ஓர் ஆங்கிலப் புத்தகம் கிடைத்தது. அதில் பாற்கட்டி இத்தனை அவுன்சு, ஆட்டிறைச்சி இத்தனை அவுன்சு, அவித்த ஒரு முட்டை, இரண்டு வறுத்த பாண் துண்டு என்று போட்டிருந்தது. பிட்டு இல்லை, சொதி இல்லை. பாற்கட்டியை நான் கண்ணால் கண்டது இரண்டே தரம். புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு என் திட்டத்தை நானே போட்டேன்.

நூற்றறுபது பக்கக் கொப்பி. ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பக்கம், மூன்று கட்டம்: காலை, மத்தியானம், இரவு. காலையில் இடியப்பம் நாலு, சம்பல் ஒரு மேசைக்கரண்டி. மத்தியானம் அரைச் சுண்டு அரிசியின் சோறு, இரண்டு மரக்கறி, ஒரு துண்டு மீன், சொதி மூன்று கரண்டி. சுண்டு என்றால் எங்கள் வீட்டில் மேல்மூடியை வெட்டியெடுத்த தகரப் பால்பேணி. இரவில் நீத்துப்பெட்டியில் பாதியளவு பிட்டு. சீனி அறவே இல்லை. எண்ணெயில் பொரித்தது இல்லை.

நீத்துப்பெட்டியில் ஒரு பிழை நடந்தது. அது பிட்டு அவிக்கப் பனையோலையால் இழைத்த கூம்பு. கூர் கீழே இருக்கும். அதன் உயரத்தை அடிமட்டத்தால் அளந்து, சரியாக நடுவில் சிவப்பு நூலால் ஒரு தையல் போட்டுக் கொடுத்தேன். முதல் இரவு கோப்பையில் வந்து விழுந்த பிட்டு ஒரு கோழிக்குஞ்சுக்குக் காணாது.

“இதென்ன இது?” என்றேன்.

“நீங்கள் நூல் போட்ட இடம்மட்டும்” என்றாள் மனைவி. “இஞ்சருங்கோ, கூர் கீழையெல்லோ இருக்கு? பாதி உயரத்திலை பாதிப் பிட்டு நிக்குமோ?”

எஸ்.எஸ்.ஸி.யில் கணக்குக்குத் திறமைச் சித்தி எடுத்தவன் நான். நூலைப் பிரித்து மேலே தைத்தேன். அவள் சிரித்த சிரிப்போடு என் திட்டம் தொடங்கியது.

வீட்டில் தராசு இல்லை. கூட்டுறவுச் சங்கத்தில் வெங்காயச் சாக்கு நிறுக்கும் மேடைத் தராசு ஒன்று இருந்தது. சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு, செருப்பைக் கழற்றிவிட்டு அதில் ஏறி நிற்பேன். அது வெங்காயம் கிண்டும் காலம். தோட்டக்காரர் சாக்குகளுடன் வரிசையில் நிற்பார்கள். சங்கத்தில் ஒரு வழக்கம்: நிறையிலிருந்து சாக்குக்கென்று இரண்டு இறாத்தல் கழிப்பார்கள். அது கூடிப்போச்சு என்று தோட்டக்காரர் சண்டைபிடிப்பார்கள், நிறுக்கிறவர் கேட்காத மாதிரி நிற்பார்.

“அண்ணை, உது என்ன இன வெங்காயம்? வேதாளமோ?” என்று வரிசையிலிருந்து ஒருவர் நிறுக்கிறவரைக் கேட்பார்.

“பழைய வெங்காயம், முளைவிட்டிட்டுது” என்பார் இன்னொருவர்.

“சாக்கைக் கழிச்சுப் போடுங்கோ, ஐயாவின்ரை சாக்குத் தடிச்ச சாக்கு!”

நிறுக்கிறவர் மட்டும் சிரிக்காமல் எண்ணைச் சொல்வார். பெப்ரவரி 23: நூற்றுத் தொண்ணூற்றாறு. மார்ச் 2: தொண்ணூற்றுமூன்றரை. ஒன்பதாந் திகதி தொண்ணூற்றொன்று. பதினாறாந் திகதி எண்பத்தொன்பது. நாலு வாரத்துக்குரியதை மூன்று வாரத்தில் இறக்கிவிட்டேன் என்று கொப்பியில் எழுதினேன். இன்று பார்த்தால் அந்த வரியில் மிதப்புத் தெரிகிறது.

அது எப்படிப்பட்ட வருடம் என்பதையும் சொல்ல வேண்டும். அரிசி பங்கீட்டுக்கு, சீனி கண்ணால் காணக் கிடையாது, பாண் வாங்க விடியமுன்னம் வரிசை. என் மேசைக்கு அடுத்த மேசையில் இருந்த சக எழுதுவினைஞர் என் சாப்பாட்டுப் பெட்டியை எட்டிப் பார்ப்பார்.

“ஐசே, ஊர்ச்சனம் இல்லாமல் மெலியுது, நீர் இருக்க மெலியிறீர். ஆரைக் காட்டப் போறீர்? ரெண்டாந் தாரமோ?”

“உடம்பு பாரமாய்க் கிடக்கு, அதுதான்.”

“பாரமெண்டால் எனக்கு அனுப்பும். எங்கடை வீட்டிலை ஏழு வாய்.”

அவர் சொன்னது பகிடியானாலும் பொய்யல்ல. உண்மைக் காரணத்தைச் சொல்ல முடியாததால், அந்த வருடத்தில் சாப்பாட்டைக் குறைப்பவன் ஒரு திமிர்பிடித்தவனாகத்தான் தெரிந்தான்.

மார்ச் 23: நூற்றெண்பத்தேழரை. மார்ச் 30: எண்பத்தேழு. ஏப்ரல் 6: மறுபடியும் எண்பத்தேழரை.

முதலில் தராசைச் சந்தேகித்தேன். நிறுக்கிறவர் என் முன்னாலேயே படிக்கல்லை வைத்துக் காட்டினார். தராசு சரியாகவே நின்றது. ஏப்ரல் 13, சனி: எண்பத்தேழு. மூன்று வாரம் முழுதாகப் போய்விட்டது. கொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு நாளும் ஒரு கரண்டிகூட மீறவில்லை. எழுத்து சுத்தமாக இருந்தது. எழுத்தில் பிழை இல்லாவிட்டால் அளவில்தான் பிழை இருக்க வேண்டும் என்று நினைத்தேன். அளப்பவள் மனைவி.

“சுண்டை எப்பிடி அளக்கிறீர்? தலைதட்டியோ, கும்பமாயோ?”

அடுப்படியில் பிட்டுமா வறுத்துக்கொண்டிருந்தவள் திரும்பவில்லை. “தலைதட்டித்தான்.”

“பிறகேன் இறங்கேல்லை?”

“அதை என்னட்டைக் கேக்கிறியள்?”

“பாவம் பாத்து ரெண்டு கரண்டி கூடப் போடுறீரோ எண்டு கேட்டன்.”

அகப்பை நின்றது. அவள் வந்து பால்பேணியை எடுத்து மேசையில் என் கொப்பிக்கு மேலேயே வைத்தாள். “நாளையிலையிருந்து நீங்களே அளவுங்கோ. எனக்கு உங்களைக் கொல்லவேணுமெண்ட எண்ணம் கிடையாது.”

மறுநாள் சித்திரை வருடப்பிறப்பு. காலையில் அரிசியை நானே அளந்து கொடுத்தேன். அதோடு நிற்கவில்லை. அரிசிப் பானையின் உள்ளே அரிசி நின்ற மட்டத்தில் பென்சிலால் ஒரு கோடு கீறி வைத்தேன். அதைக் கீறும்போதே கேவலமாக இருந்தது, ஆனாலும் கீறினேன். மத்தியானம் அவள் அதைக் கண்டுவிட்டாள். ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் பானையைத் திருப்பி வைத்தாள். வருடப்பிறப்பன்று எங்கள் வீட்டில் இரண்டு பேரும் பேசவில்லை. அடுத்த நாலு நாளும் அப்படியே.

ஏப்ரல் 18, வியாழக்கிழமை, மத்தியானம் ஒரு மணி பத்து நிமிடம். கந்தோரில் மேல்தட்டிலிருந்து ஒரு கோப்புக் கட்டை இறக்கக் கையை உயர்த்தினேன். பட்டிக்குக் கீழால் ஏதோ வழுகி வந்தது. வழக்கமான வலியல்ல, பிடித்து முறுக்கும் வலி. கோப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். பழைய கோப்புகளைத் தலைக்கு வைத்து நிலத்தில் படுத்து, இரண்டு காலையும் கதிரையில் தூக்கிப் போட்டேன். டொக்டர் சொல்லித்தந்தபடி விரலால் மெல்ல அழுத்தினேன். போகவில்லை. கல்லுப்போல நின்றது.

கைக்கடிகாரத்தைக் கழற்றி நெஞ்சில் வைத்தேன். ஒன்று பதினைந்து. ஒன்று பதினெட்டு. நெற்றி வியர்வை காதுக்குள் ஓடியது. ஆஸ்பத்திரி பதினெட்டு மைல். என் நிறை நூற்றெண்பத்தேழு. எழுப்புவனோ எண்டதுக்குப் பொறுப்புச் சொல்லேலாது.

கதவில் தட்டு.

“ஐசே! உள்ளை என்ன செய்யிறீர்?” சக எழுதுவினைஞர். “ஒளிச்சு வைச்சுத் தின்னுறீர் போலை! எனக்கும் பங்கு வையும்!”

வெளியே இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். குரல் எடுத்தால் வயிறு இறுகும் என்பதால் நான் பதில் சொல்லவில்லை. இன்னொரு தரம் தட்டிவிட்டுப் போய்விட்டார்கள்.

ஒன்று முப்பத்திரண்டுக்கு அது தானாக ஒரு சின்ன முனகலோடு உள்ளே போனது. இருபத்திரண்டு நிமிடம். எழுந்து கோப்புகளை இருந்த ஒழுங்கில் அடுக்கிவிட்டு மேசைக்கு வந்தேன்.

பின்னேரம் சைக்கிளை உருட்டிக்கொண்டே வீட்டுக்குப் போனேன். நாலு நாளுக்குப் பிறகு முதல் பேச்சை நான்தான் பேசினேன், நடந்ததைச் சொன்னேன். அவள் முழுவதையும் கேட்டாள். இருபத்திரண்டு நிமிடம் என்றபோது மட்டும், “தனியவோ?” என்றாள்.

“ஓம்.”

அவள் எழுந்து போய்க் கிணற்றடியில் கனநேரம் நின்றாள்.

ஏப்ரல் 20, சனி: நூற்றெண்பத்தேழரை. நாலாவது வாரம். இனி எட்டரை வாரத்துக்குள் பதினேழரை இறாத்தல்.

மறுநாள் ஞாயிறு. விடுமுறை என்பதால் நான் முழுநாளும் வீட்டில்தான். அவள் அடுப்படிக்கும் முற்றத்துக்கும் நடந்துகொண்டிருந்ததைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியாது. பின்னேரம் ஆறு மணிக்கு விளக்கு வைத்தபின், ஒரு சுளகைக் கொண்டுவந்து மேசையில் என் முன்னால் வைத்தாள்.

சுளகில் புழுக்கொடியல் பதினொன்று, தேங்காய்ச்சொட்டுத் துண்டுகள் ஒரு குவியல், பனங்கட்டி ஐந்து துண்டு, பனம்பழக் களியைக் காயவைத்த கையகலப் பினாட்டு ஒன்று, ஒரு பிடி தேங்காய்ப்பூ, ஒரு கடலை வடை.

“உதென்ன, ஆருக்கு?”

“உங்களுக்குத்தான். இண்டைக்கு நீங்கள் சாப்பிட்டதின்ரை அச்சொட்டு. நீங்கள் ஒண்டை எடுக்க எடுக்க, நானும் ஒண்டை எடுத்துச் சுளகிலை போட்டனான்.”

“நான் எங்கை உதெல்லாம்…”

“கொப்பியைத் திருப்பிப் பாருங்கோ.”

கொப்பியின் கடைசிப் பக்கத்தில் அவளுடைய எழுத்து. அவள் அஞ்சாம் வகுப்பு வரைதான் படித்தவள். எழுத்துப் பெரிதாக, நெளிவில்லாமல் இருக்கும். “விடிய 5.40 தேத்தண்ணி. பனங்கட்டி 1. பேப்பர் வாசிக்கேக்கை புழுக்கொடியல் 3 சொட்டு 5. தேங்காய் திருவிக் குடுக்கேக்கை பூ ரெண்டு தரம். புத்தகம் வாசிக்கேக்கை புழுக்கொடியல் 4, எண்ணாமல் சொட்டு. வேலிக்கு மேலாலை தந்த வடை, நிண்டபடி…” இப்படியே பின்னேரம்வரை போனது.

சுளகிலிருந்த புழுக்கொடியலை நானே எண்ணிப் பார்த்தேன்.

புத்தக அலுமாரியின் கீழ்த்தட்டில் ஒரு பிஸ்கட் பேணி நிறையப் புழுக்கொடியல் இருந்தது. ஒவ்வொரு வருடமும் மாசி பங்குனியில் பனங்கிழங்கை அவித்துக் காயவைத்து நிரப்புவோம். வாசிக்கும்போது கை அதற்குள் போய்வரும். சீனி கூடாது என்று திட்டத்தில் எழுதியதால் தேத்தண்ணிக்குப் பனங்கட்டி கடித்தேன். சீனியை நிறுத்தியதாகவே கணக்கு. முதல் மூன்று வாரமும் நிறை இறங்கியபோது பேணி இன்னும் நிரம்பாமல் கிடந்திருக்கிறது. மார்ச் நடுவில் கிழங்கு காய்ந்து முடிந்து பேணிக்குள் வந்தது. அந்த வாரத்திலிருந்துதான் எண் நின்றுபோனது. மழை பெய்த நேரத்தைக்கூட மணி பார்த்து எழுதுகிறவன், கோப்பையில் விழாமல் வாய்க்குப் போனதை ஒரு தரமும் எழுதவில்லை. எழுதாமல் ஒளித்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. அடுப்பில் ஏறி, கோப்பைக்கு வந்து, இருந்து கை கழுவினால்தான் அது எனக்குச் சாப்பாடு. மற்றதெல்லாம் வாசிப்போடும் கதையோடும் சேர்ந்தது.

“என்னை மன்னியும். பானையிலை கோடு…”

“அதை விடுங்கோ. உதிலை எவ்வளவு சோறு கிடக்கு எண்டு நினைக்கிறியள்?”

“ரெண்டு சுண்டுக்குக் குறையாது.”

“நான் அரைச் சுண்டைத் தலைதட்டி அளந்துகொண்டு நிக்கிறன்” என்றாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

அன்றிலிருந்து கொப்பியில் நாலாவது கட்டம் கீறினோம். அதற்குத் தலைப்பு இல்லை. அதை அவள்தான் நிரப்புவாள். புழுக்கொடியல் பேணி பக்கத்து வீட்டுக்குப் போனது. வாசிக்கும்போது இடதுகையில் ஒரு பென்சிலை வைத்துக்கொண்டேன். முதல் வாரத்தில் இரண்டு பென்சிலின் நுனியைக் கடித்துத் தும்பாக்கினேன்.

ஏப்ரல் 27: நூற்றெண்பத்தைந்து. மே 4: எண்பத்துமூன்று. மே 18: எழுபத்தொன்பது. சங்கத்துப் பகிடி குறைந்தது. “என்ன ஐயா, வருத்தமோ?” என்று மெதுவாகக் கேட்கத் தொடங்கினார்கள். ஜூன் 8, சனி: நூற்றெழுபத்துமூன்று. இனி மூன்று.

ஜூன் 10, திங்கட்கிழமை. ஆஸ்பத்திரித் தராசு நூற்றெழுபத்துநாலு காட்டியது.

“சங்கத்துத் தராசிலை எழுபத்துமூண்டு ஐயா.”

“நான் சங்கத்திலை வெட்டிறேல்லை” என்றார் டொக்டர். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, “கெட்டிக்காரன்தான். ஆனால் நூற்றெழுபதெண்டால் நூற்றெழுபது. திங்கள் வாரும். அண்டைக்கும் சரிவரேல்லையெண்டால் உம்மடை இடத்தை இன்னொருத்தருக்குக் குடுக்கவேணும். வெளியிலை வரிசை நிக்குது.”

நாலு இறாத்தல், ஒரு வாரம். அந்த வாரம்தான் மனைவியின் தமையனாரின் குடிபூரல். கல்வீடு கட்டி முடித்து ஜூன் 14, வெள்ளிக்கிழமை பால் காய்ச்சினார். வெங்காயம் நல்ல விலைபோன வருடங்கள். வடை, பாயசம், மோதகம், நாலு கறி, அப்பளம் என்று பந்தி. எங்களூரில் இழவுக்கு வராதவனைக்கூட மன்னிப்பார்கள். புதுவீட்டில் கை நனைக்காமல் போகிறவனை மன்னிக்க மாட்டார்கள். அது அந்த வீட்டில் ஒட்டு வேண்டாம் என்று சொல்வது.

காலையில் நாலு இடியப்பத்துக்குப் பதில் இரண்டு சாப்பிட்டுவிட்டுப் போனேன். பந்தியில் இருத்தினார்கள். இலையில் சோற்றைப் போட வந்த தமையனாரிடம் கையைக் குறுக்கே வைத்தேன்.

“காணும் மச்சான். வயிறு சரியில்லை.”

“வயிறு சரியில்லையோ?” அவர் சோற்றுப் பெட்டியைக் கீழே வைத்தார். “நாலு மாதமாய் ஊர் முழுக்கச் சொல்லுது, நீர் வடிவு பாத்துப் பட்டினி கிடக்கிறீரெண்டு. உம்மடை வீட்டிலை என்னவும் செய்யும். என்ரை வீட்டிலை, குடிபுகுந்த அண்டைக்கு, வெறும் இலையோடை எழும்பப் போறீரோ?”

“ஒரு கரண்டி போடுங்கோ.”

“பிச்சைக்காரனுக்கே ஒரு கரண்டி போடமாட்டன்!”

இரண்டு பக்கத்துப் பந்தியும் சாப்பாட்டை நிறுத்திவிட்டது. ஒருவர், “விடுங்கோ, துரைக்கு எங்கடை சாப்பாடு பிடியாது” என்றார். எனக்கு ஒரே வழி இலையில் விழுவதைச் சாப்பிடுவது. ஒரு வாரத்துக் கணக்கு ஒரு மணியில் போகும். திங்களன்று என் இடம் இன்னொருவருக்கு. கை இலையை நோக்கிப் போனது.

“அண்ணை, போடாதையுங்கோ.”

மனைவி. பெண்கள் பகுதியிலிருந்து பந்திக்கு நடுவே வந்து நின்றாள். அப்படி அவள் நின்றதை அதற்கு முன்னரும் பின்னரும் நான் கண்டதில்லை.

“உவருக்குக் குடலிறக்கம். வியாழக்கிழமை வெட்டவேணும். நூற்றெழுபதுக்கு வந்தால்தான் வெட்டுவினம். வராட்டில் வெட்டமாட்டினம். சித்திரையிலை ஒருக்காக் கந்தோரிலை தனியக் கிடந்து சாகப் பாத்தவர். நீங்கள் ஒருதரும் அறியக்கூடாதெண்டு சொல்லேல்லை. இப்ப சொல்லிப்போட்டன். இனி என்னைப் பேசுங்கோ, அவரைப் பேசாதையுங்கோ.”

என் காது இரண்டும் எரிந்தன. நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. தமையனார் உள்ளே போய்ப் புது வீட்டுக்கென்று வாங்கிய பால்பேணியோடு வந்தார்.

“எவ்வளவு?” என்று தங்கையைக் கேட்டார்.

“சோறெண்டால் அரைப் பேணி. சொதி மூண்டு கரண்டி. பாயசம் வேண்டாம்.”

அவரே பேணியில் சோற்றை எடுத்து, விரலால் தலைதட்டி, என் இலையில் கவிழ்த்தார். “சாப்பிடும் மச்சான்” என்றார். பந்தி மறுபடி சத்தம் போட்டது. துரை என்று சொன்னவர் தன் இலையிலிருந்த அப்பளத்தை நொறுக்கிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். மறுநாள் நான் சங்கத்துக்குப் போகவில்லை. ஒரு இறாத்தல் பொய் சொல்லும் தராசு எனக்குத் தேவைப்படவில்லை.

ஜூன் 17, திங்கட்கிழமை. தராசு நூற்றெழுபத்தொன்றில் நின்றது.

டொக்டர் தட்டி விட்டுப் பார்த்தார். மறுபடி நூற்றெழுபத்தொன்று. அவர் கண்ணாடியைக் கழற்றினார். நான் இறங்கவில்லை. இறங்கினால் எல்லாம் முடிந்துவிடும் என்பதுபோல அதிலேயே நின்றேன். வாசலோரம் நின்ற மனைவிதான் பேசினாள்.

“ஐயா, சாக்கைக் கழிக்கேல்லை.”

“என்ன சாக்கு?”

“அந்தப் பட்டி. உருக்குப் பட்டி. எப்பவும் அதோடைதான் நிறுக்கிறவர்.”

டொக்டர் அவளைப் பார்த்தார், என் இடுப்பைப் பார்த்தார். “கழட்டும்.”

பட்டியைக் கழற்றி அவள் கையில் கொடுத்தேன். உடனே அது வெளியே வரப் பார்த்தது. வலது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மூச்சு விடாமல், மறுபடி ஏறி நின்றேன். முள் ஆடி ஆடி அடங்கியது. நூற்றெழுபதுக்கு ஒரு மயிரிழை கீழே.

“மூச்சை விடும். அதுக்கு நிறை இல்லை” என்றார் டொக்டர். மேசைக்குப் போய் வியாழக்கிழமைப் பட்டியலில் என் பெயரை எழுதினார்.

ஜூன் 20க்குரிய பக்கம் என் கையெழுத்தில் இல்லை. கொப்பியை முதல்நாளே அவளிடம் கொடுத்திருந்தேன். காலை, மத்தியானம், இரவு மூன்று கட்டத்திலும் கோடு இழுத்திருக்கிறாள். எல்லாவற்றையும் தலைப்பில்லாத நாலாவது கட்டத்தில்தான் எழுதியிருக்கிறாள். அப்படியே பார்த்து எழுதுகிறேன்:

“8.25 உள்ளுக்குக் கொண்டு போனவை. 10.05 கட்டிலுக்குக் கொண்டு வந்தவை. முழிக்கேல்லை. 10.20 முழிக்கேல்லை. 10.35 கூப்பிட்டன், முழிக்கேல்லை. 10.50 கண் முழிச்சவர். எத்தினை மணி எண்டு கேட்டவர். பின்னேரம் 4.10 தண்ணி, தேக்கரண்டி ஒண்டு. விழுங்கினவர்.”